திரவங்களிலும் கண்ணாடியிலும் அணுக்களின் அமைப்பு: கல்கத்தா ஆராய்ச்சியின் வரலாறு

வெள்ளவத்தைக் கரையோரமாகச் செல்லும் புகையிரதத்திற் காலையும் மாலையும் பயணஞ் செய்வோர் நாடோறும் மூன்று பொருள்களை ஒருங்கே காண்கின்றனர். அண்மையிற் சாளரத்துக் கண்ணாடி, அதற்கப்பால் மணல், மணலுக்கப்பாற் கடல்நீர். இம்மூன்றும் ஒன்றுக்கொன்று உறவுடையன என்பதைப் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை. நாத்தாண்டியாவிலும், வடக்கே வல்லிபுரம், அம்பன் ஆகிய இடங்களிலும் கிடைக்கும் வெண்மணல் கண்ணாடி செய்தற்கு ஏற்றதெனப் பெயர்பெற்றது. அம்மணலைச் சோடாவும் சுண்ணாம்பும் சேர்த்து உருக்கி ஆறவிட்டாற் கண்ணாடி உண்டாகின்றது. மணற்றுகள் ஒவ்வொன்றும் குவாட்சு என்னும் பளிங்கு. அதனுள் அணுக்கள் அணிவகுத்து நிற்கும் படைவீரரைப்போல நிரைநிரையாக உள்ளன. அதே பொருள் உருகிக் கண்ணாடியான பின்னரோ அந்த அணிவகுப்பைக் காணவியலாது. தொட்டாற் கல்லைப்போல் உறுதியாயிருக்கும் கண்ணாடி, அணுக்களின் நிலையை நோக்குமிடத்து, அலையெறியும் நீருக்கே நெருங்கிய சுற்றமாகின்றது.

பளிங்கின் அமைப்பை மனிதன் அறிந்த வரலாறு பாடநூல்களில் விரிவாக எழுதப்பட்டுள்ளது. திரவமும் கண்ணாடியும் எவ்வாறு அறியப்பட்டன என்னும் வரலாறு அத்துணைத் தெளிவாக எழுதப்படவில்லை. அவ்வரலாற்றின் தொடக்க அத்தியாயங்களுள் ஒன்று கல்கத்தா நகரின் பௌபசார் வீதி 210ஆம் இலக்கக் கட்டடத்தில், தமிழர் சிலரின் கைகளால் எழுதப்பட்டது என்பதும் பலரும் அறியாத செய்தி. இராமனின் பெயரைக் கேட்டவுடன் 1928ஆம் ஆண்டின் ஒளிச்சிதறற் கண்டுபிடிப்பே நினைவுக்கு வருகின்றது. அப்பேரொளியின் முன் வேறு சில விளக்குகள் மங்கித் தோன்றுவது இயல்பே. ஆயினும் அவ்விளக்குகள் அணைந்துவிடவில்லை.

தமிழிற் பளிங்கு என்னுஞ் சொல் பழமையானது. அடுத்திருக்கும் பொருளைத் தன்னிடத்தே காட்டும் இயல்பை எடுத்து வள்ளுவர் அதனை உவமையாக ஆண்டுள்ளார். உலக வழக்கிலோ அச்சொல் குவாட்சையும் சலவைக்கல்லையும் சில வேளைகளிற் கண்ணாடியையுங்கூடக் குறிக்கும். விஞ்ஞானத்தில் இவ்வாறு கலந்து வழங்குதல் பொருந்தாது. அணுக்கள் ஓர் ஒழுங்கு முறையில் மீண்டும் மீண்டும் அடுக்கப்பட்டிருப்பதே பளிங்கு. கண்ணாடி எத்துணைத் தெளிவாக ஒளி ஊடுருவ விடினும் அது பளிங்கன்று. கண்ணாடிக்குப் பளிங்குருவற்ற திண்மம் என்று பெயர். அல்லாததைச் சொல்லி ஒரு பொருளுக்குப் பெயரிடுவது அப்பொருளைப் பற்றிய அறியாமையின் அடையாளம் என்று கொள்ளினும் பிழையில்லை. 1920ஆம் ஆண்டளவில் விஞ்ஞானிகளின் நிலையும் அதுவேயாம்.

1912ஆம் ஆண்டு மியூனிக் நகரில் லௌவே என்பாரின் கருத்தைப் பின்பற்றிப் பிரீதுரிக், நிப்பிங் என்னும் இருவர் செப்புச் சல்பேற்றுப் பளிங்கொன்றின் ஊடாக எக்ஸ் கதிரைச் செலுத்தினர். அப்பாற் கிடந்த ஒளிப்படத் தகட்டிற் புள்ளிகள் ஒழுங்காகத் தோன்றின. அலையொன்று தடைகளின் ஓரத்தில் வளைந்து பரவி, ஓரிடத்தில் ஒன்றையொன்று வலுப்படுத்தியும் பிறிதோரிடத்தில் ஒன்றையொன்று அழித்தும் உருவங்களைத் தோற்றுவிக்கும் இந்நிகழ்ச்சி கோணல் எனப்படும். அணுக்களின் இடைத்தூரம் சதமமீற்றரின் பத்துக்கோடியில் சில பங்குகளேயாதலின், அத்துணைச் சிறிய அலைநீளமுடைய எக்ஸ் கதிருக்கு அவை அளவான தடைகளாக அமைந்தன. அடுத்த ஆண்டே பிராக் என்னும் தந்தையும் மகனும் புள்ளிகளிலிருந்து அணுக்களின் இடங்களைக் கணிக்கும் வழியைக் கண்டு, 1915இல் நோபெற் பரிசும் பெற்றனர்.

பளிங்குக்கு இது பொருந்தும். ஒழுங்கில்லாத் திரவத்தின் ஊடாக எக்ஸ் கதிரைச் செலுத்தினால் என்ன தோன்றும்? தகடு முழுவதும் ஒரேவகையான மங்கல் படியும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் 1916இல் திபாயும் செரரும் பென்சீன் முதலிய திரவங்களைச் சோதித்தபோது, நடுப்புள்ளியைச் சூழ்ந்து ஓர் அகன்ற வளையந் தோன்றிற்று. மழைநாளிற் சந்திரனைச் சூழும் பரிவேடம் போன்றதொரு வளையம். மூலக்கூறொன்றின் உள்ளே அணுக்கள் ஒன்றுக்கொன்று நிலையான தூரத்தில் இருப்பதே அதற்குக் காரணமென அவர்கள் கருதினர். பின்னர், 1922ஆம் ஆண்டளவில் ஒல்லாந்தின் இலெய்டன் நகரிற் கீசொம் என்பாரும் தெ சிமெற் என்பாரும் திரவ ஆகனைச் சோதித்தனர். ஆகனின் மூலக்கூறு ஒரேயோர் அணு. அதற்குள் இடைத்தூரம் என்பதே இல்லை. ஆயினும் வளையந் தோன்றிற்று. எனவே வளையம் மூலக்கூற்றின் உள்ளிருந்து மட்டும் வருவதன்று. அயலிலுள்ள மூலக்கூறுகளுக்கிடையிலான தூரமும் அதிற் பொதிந்துள்ளது என்பது புலனாயிற்று.

இந்நிலையிலேதான் கல்கத்தா இவ்வரலாற்றினுட் புகுகின்றது.

இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கம் 1876ஆம் ஆண்டு மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவரால் நிறுவப்பட்டது. 1888இல் திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சந்திரசேகர வேங்கட இராமன் 1907இல் அரசாங்க நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தாவுக்குச் சென்றபோது, அலுவலுக்கு முன்னரும் பின்னரும் அச்சங்கத்தின் ஆய்வுகூடத்தைப் பயன்படுத்தத் தொடங்கினார். 1917இற் பெருஞ்சம்பளமுள்ள அப்பதவியைத் துறந்து, கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற் பௌதிகப் பேராசிரியரானார். 1921இல் இங்கிலாந்து சென்று நர்குண்டா என்னுங் கப்பலில் மீளும்போது மத்தியதரைக் கடலின் நீலம் அவர் கருத்தைக் கவர்ந்தது. வானத்தின் நீலம் கடலிற் பிரதிபலிப்பதே அந்நிறத்திற்குக் காரணம் என இரேலி பிரபு கூறியிருந்தார். இராமன் தம்மிடமிருந்த நிக்கலரியத்தாற் பிரதிபலித்த ஒளியை நீக்கிவிட்டு நோக்கினார். நீலம் மறையவில்லை, மிகுந்தே தோன்றிற்று. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்னும் முடிபுடன் அவர் இந்தியாவிற் கரையிறங்கினார்.

அவ்வாண்டே கல்கத்தாவிற்கு வந்து சேர்ந்தவர் கல்பாத்தி இராமகிருஷ்ண இராமநாதன். பாலக்காட்டை அடுத்த கல்பாத்தியில் 1893இற் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியிற் கற்றுத் திருவனந்தபுரத்தில் ஆசிரியராக இருந்தவர். இராமனோடு ஏறத்தாழ ஓராண்டு உழைத்தபின் இரங்கூன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பதவி ஏற்றார். ஆயினும் விடுமுறை நாள்களிற் கல்கத்தாவுக்கு வந்து ஆய்வைத் தொடர்வதை அவர் கைவிடவில்லை. 1923ஆம் ஆண்டு இராமனும் இராமநாதனும் சேர்ந்து, திரவங்கள், திரவக் கலவைகள், கரைசல்கள், திரவப் பளிங்குகள், பளிங்குருவற்ற திண்மங்கள் ஆகியவற்றில் எக்ஸ் கதிரின் கோணலைப் பற்றிய கட்டுரையைச் சங்கத்தின் வெளியீட்டில் அச்சிட்டனர். தலைப்பின் நீளமே அவர்தம் நோக்கத்தின் அகலத்தைக் காட்டும்.

அக்கட்டுரையின் உயிர்நாடி யாது? ஐரோப்பிய ஆராய்ச்சியாளர் வளையத்தையே உற்று நோக்கினர். இராமனும் இராமநாதனும் வளையத்தின் உட்புறத்தை, அதாவது ஒன்றுந் தோன்றாத இருண்ட நடுப்பகுதியை நோக்கி, அது ஏன் இருண்டிருக்கிறது என்று வினவினர். வாயுவில் மூலக்கூறுகள் தாறுமாறாக இருத்தலின் அதனுட் செல்லும் எக்ஸ் கதிர் முன்னோக்கிய சிறு கோணங்களிலேயே மிகுதியாகச் சிதறும். திரவத்திலும் ஒழுங்கின்மையே உண்டெனின் அங்கும் அவ்வாறே நிகழ வேண்டும், நிகழ்வதில்லை.

விடையை அவர்கள் ஒளியாராய்ச்சியிலிருந்து கொணர்ந்தனர். திரவத்தின் மிகச் சிறிய பகுதிகளில் மூலக்கூறுகளின் எண்ணிக்கை கணத்துக்குக் கணம் கூடியுங் குறைந்தும் மாறுகின்றது. ஒளிச்சிதறலுக்குக் காரணம் அவ்வேற்றத்தாழ்வே என்று 1908இல் சிமொலுக்கோவிசுக்கியும் 1910இல் ஐன்ஸ்டைனும் காட்டியிருந்தனர். அவ்வேற்றத்தாழ்வின் அளவு திரவத்தை எத்துணை எளிதில் நெருக்கலாம் என்பதைப் பொறுத்தது. கொட்டாஞ்சேனைச் சந்தியில் நெரிசல் மிக்க பேருந்தொன்றை எண்ணிப் பார்க்கலாம். பேருந்தில் நால்வரே இருப்பின் அவர் ஒருபுறம் சேர்ந்து நிற்கவும் கூடும், பிரிந்து நிற்கவும் கூடும். நிறைந்த பேருந்தில் ஒழுங்கு யாதும் இல்லை. ஆயினும் எந்தப் பகுதியை எண்ணினும் ஆட்தொகை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். திரவமும் அத்தகையது. நீரைப் பொறுத்தவரை, மூலக்கூறுகள் முற்றுந் தாறுமாறாக இருப்பின் உண்டாகும் ஏற்றத்தாழ்வில் நூற்றுக்கு 6 பங்களவே அறை வெப்பநிலையில் உண்மையில் நிகழ்கின்றது. ஒளியலை பல்லாயிரம் மூலக்கூறுகளை ஒருங்கே தழுவுவது. சிறு கோணத்திற் சிதறும் எக்ஸ் கதிரும் அவ்வாறே பெரும் பகுதிகளையே உணர்கின்றது. எனவே ஒளிக்கு உரிய அதே நெருக்கற்றகவே எக்ஸ் கதிர்ப் படத்தின் நடுப்பகுதியையும் ஆளுகின்றது. திரவம் நெருக்குதற்கு அரியதாதலின் நடுப்பகுதி இருள்கின்றது. கோணம் பெருகப் பெருக, கதிர் தனித்தனி மூலக்கூறுகளின் இடைத்தூரத்தை உணரத் தொடங்குகின்றது. அங்கே வளையந் தோன்றுகின்றது.

கடலின் நீலத்தையும் எக்ஸ் கதிர்ப் படத்தின் இருட்டையும் ஒரே கருத்தால் விளக்கிய இச்செயல் எளிதன்று. வளையத்திற்கு அவர்கள் கூறிய கணித விளக்கம் முழுமை பெற்றதன்று என்பதையும் மறைத்தல் கூடாது. 1927இல் ஒல்லாந்தரான சேர்ணிக்கேயும் பிரின்சும், ஓர் அணுவை நடுவிற்கொண்டு அதிலிருந்து எவ்வெத் தூரத்தில் எத்தனை அயலணுக்கள் உள்ளன என்பதைச் சிதறல் வளையியிலிருந்து நேரே கணிக்கும் முறையை நிறுவினர். 1930இல் திபாயும் மெங்கெயும் அம்முறையை இரசத்திற் பயன்படுத்தினர். பாடநூல்கள் பல திரவ அமைப்பின் வரலாற்றை அங்கிருந்தே தொடங்கிவிடுகின்றன. கணிதக் கருவியை ஆக்கியோர்க்கு உரிய பெருமையை அளித்தல் முறையே. ஆயினும் இருண்ட நடுப்பகுதிக்குப் பொருள் கண்டவர்களை அவ்வரிசையில் முன்னே வைத்தலும் முறையாகும். கல்கத்தாவில் அச்சான ஒரு சங்க வெளியீடு ஐரோப்பிய நூல்நிலையங்களின் எந்தத் தட்டில் வைக்கப்பட்டிருக்கும் என்பதை ஊகித்தல் அரிதன்று.

கல்கத்தாவில் அப்பணி அத்துடன் நின்றுவிடவில்லை. சொகானி என்பார் 1927இல் இராமனுடன் சேர்ந்து, மூலக்கூற்றின் வடிவம் வளையத்தின் தோற்றத்தை எவ்வாறு மாற்றுகின்றது என்பதைப் பல கரிமத் திரவங்களில் ஆராய்ந்தார். கிருஷ்ணமூர்த்தி என்பார் கரைசல்களையும் கூழ்களையும் எடுத்துக்கொண்டார். கூழ்க்கரைசல்களில் வளையத்தின் உட்புறம் இருளாது, நடுப்புள்ளியை ஒட்டி ஒளி பெருகுவதை 1930ஆம் ஆண்டளவில் அவர் கண்டார். சிறுகோணச் சிதறல் என இன்று புரதங்களையும் பல்பகுதியங்களையும் ஆராய உலகெங்கும் பயன்படும் முறையின் முன்னோடிகளுள் ஒருவராக அவர் பெயர் குறிக்கப்படுகின்றது.

கண்ணாடியை இராமன் ஒளியின் வாயிலாக அணுகினார். மிகத் தூய கண்ணாடிக் கட்டியினூடே ஒளிக்கற்றையைச் செலுத்தினால் அதன் பாதை மங்கிய நீலமாகத் தெரிகின்றது. அதனை அழுக்கின் விளைவெனத் தள்ளிவிடுதல் எளிது. இராமன் அவ்வாறு கொள்ளவில்லை. 1927இல் எழுதிய கட்டுரையில், உருகிய நிலையில் இருந்த மூலக்கூற்று ஏற்றத்தாழ்வே கண்ணாடி இறுகும்போது அப்படியே உறைந்துவிடுகின்றது என்றும், அதுவே இச்சிதறலுக்குக் காரணமென்றும் வாதித்தார். நீர்த்துறையில் நிகழ்ந்த கூத்தொன்றை ஒரு கணத்தில் ஒளிப்படமாக எடுத்தாற்போன்றது கண்ணாடி என்பது அக்கருத்தின் சாரம். இன்று தொலைபேசிச் செய்தியும் கணினிச் செய்தியும் கடலடியிற் கண்ணாடி இழைகளினூடாகவே ஒளியாகச் செல்கின்றன. அவ்விழைகளில் ஒளி குன்றுவதற்கு முதற் காரணம் இந்த உறைந்த ஏற்றத்தாழ்வினால் உண்டாகும் சிதறலே. கொழும்பிற் கரையேறும் கடலடி இழைகளும் இதற்கு விலக்கல்ல.

இவ்விடத்தில் இராமநாதனின் கதையிற் சற்றே தங்குதல் வேண்டும். 1923இல் அவர் நீரில் ஒளிச்சிதறலை ஆராய்ந்தபோது, செலுத்திய நிறத்தின்கண் இல்லாத பிறிதொரு நிறம் மிக மங்கலாகச் சிதறிய ஒளியிற் கலந்திருப்பதைக் கண்டார். திரவத்திலுள்ள மாசினால் எழும் மெலிந்த புளோரொளிர்வு அதுவெனக் கொள்ளப்பட்டது. இராமனோ நிறைவடையவில்லை, திரவத்தை மீண்டும் மீண்டும் வடித்துத் தூய்மையாக்குமாறு கூறினார். இராமநாதன் அவ்வாறே செய்தார். அம்மங்கிய நிறம் போகவில்லை. ஐந்தாண்டுகள் கழித்துப் பெயர்பெறப்போகும் விளைவு, அவர் கண்முன் நின்றது. 1925இல் அவர் இந்திய வானிலை ஆராய்ச்சித் துறையிற் சேர்ந்து கல்கத்தா ஆய்வினின்றும் விலகினார். மேல் வளிமண்டலத்தையும் ஓசோனையும் பற்றிய ஆராய்ச்சியிற் பெரும் புகழ் எய்தி, அகமதாபாத்துப் பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தின் முதற் பணிப்பாளருமாகி, 1984இன் இறுதியிற் காலமானார். அவர் வாழ்வைத் தோல்வியென எவரும் கூறார். ஆயினும் கிட்டிய பொருளை மாசெனக் கருதிய அந்த ஆண்டை விஞ்ஞான வரலாறு எழுதுவோர் கடந்துபோதல் அரிது.

அப்பொருளை இறுதியிற் பற்றியவர் கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன். திருவில்லிபுத்தூரை அடுத்த வத்திராயிருப்பில் 1898இற் பிறந்த இவர், உள்ளூர் இந்து உயர்நிலைப் பள்ளியிலும், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும், சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்று, 1923இல் இராமனிடம் வந்து சேர்ந்தார். திரவங்கள் பலவற்றில் ஒளிச்சிதறலைப் பொறுமையுடன் அளந்தார். அதே காலத்தில் வேங்கடேசுவரன் என்பார் தூய கிளிசரீன் நீலமாகவன்றிப் பச்சையாக ஒளியைச் சிதறச் செய்வதைக் கண்டார். கிளிசரீன் தேர்ந்தெடுக்கப்பட்டது ஈண்டு கருதத்தக்கது. அது எளிதிற் பளிங்காகாமற் குளிரக் குளிரத் தடித்துக் கண்ணாடியாகும் இயல்பினது. திரவத்துக்கும் கண்ணாடிக்கும் இடையிலுள்ள வாயிலிலேயே அப்பெருங் கண்டுபிடிப்பின் அறிகுறியும் தோன்றிற்று. 1928 பெப்புருவரி 28ஆம் நாள் இராமன் விளைவு உறுதியாயிற்று. பின் நிகழ்ந்தவை உலகறிந்தன.

இதே ஆண்டுகளில் மேனாட்டிற் கண்ணாடியைப் பற்றி ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. கண்ணாடி மிக நுண்ணிய பளிங்குகளின் குவியல் என்பது ஒரு கட்சி. உருசியாவில் இலெபெதெவ் 1921இல் இக்கருத்தைக் கூறினார். 1930இல் இங்கிலாந்தில் இரண்டலும் அவர் தோழரும் எக்ஸ் கதிர் வளையத்தைக்கொண்டு அதனை வலியுறுத்தினர். மறுகட்சியை 1932இல் எழுப்பியவர் சிக்காகோவில் வாழ்ந்த நோர்வேயர் சக்கரியாசன். சோதனை யாதுஞ் செய்யாது, சிந்தனை ஒன்றையே துணையாகக்கொண்டு அவர் எழுதிய கட்டுரை, கண்ணாடி ஆராய்ச்சியில் மிகுதியாகப் படிக்கப்பட்டவற்றுள் ஒன்றாயிற்று. சிலிக்கன் அணு ஒவ்வொன்றும் நான்கு ஒட்சிசன் அணுக்களால் நான்முகி வடிவிற் சூழப்பட்டுள்ளது. ஒட்சிசன் ஒவ்வொன்றும் இரண்டு நான்முகிகளுக்குப் பொதுவான மூலையாகின்றது. குவாட்சிலும் கண்ணாடியிலும் இவ்விதி ஒன்றே. நான்முகிகள் ஒன்றோடொன்று சாயுங் கோணம் பளிங்கில் மாறாது. கண்ணாடியில் இடத்துக்கிடம் மாறும். இம்மாற்றமே ஒழுங்கைக் குலைத்து முடிவற்ற வலையொன்றை ஆக்குகின்றது.

அமெரிக்கரான வாரன் 1936ஆம் ஆண்டளவில் இவ்வழக்கிற்குத் தீர்ப்பளித்தார். சிலிக்காக் கண்ணாடியில் சிலிக்கனுக்கும் ஒட்சிசனுக்கும் இடைத்தூரம் 1.62 அங்கிசுத்திரோம் என்றும் ஒவ்வொரு சிலிக்கனையும் நான்கு ஒட்சிசன்கள் சூழ்ந்துள்ளன என்றும் அளந்து காட்டினார். வளையத்தின் அகலத்திலிருந்து கணித்தால் நுண்பளிங்கின் பருமன் ஏழெட்டு அங்கிசுத்திரோமே ஆகும். பளிங்கின் அடிப்படைக் கூறு ஒன்றின் பருமனும் அதுவே. அடுக்கு ஒன்றுதான் உண்டெனின் அதனை அடுக்கு என்பதிற் பொருளில்லை. வேறொரு சான்றும் அவர் காட்டினார். சிலிக்காக் கூழிற் சிறு கோணத்தில் மிகுந்த சிதறல் உண்டு, கண்ணாடியில் இல்லை. தனித்தனித் துகள்கள் இடைவெளியோடு குவிந்திருப்பின் படத்தின் நடுப்பகுதி ஒளிரும்; ஒளிராமையின் கண்ணாடி தொடர்ச்சியான ஒரே பொருள். கல்கத்தாவில் 1923இல் எழுப்பப்பட்ட அதே கேள்வி, நடுப்பகுதி ஏன் இருண்டிருக்கிறது என்பது, ஈண்டு வழக்கைத் தீர்க்குஞ் சாட்சியாக நின்றமை காண்க.

கண்ணாடி மிக மெதுவாக ஒழுகுந் திரவமே என்றும், ஐரோப்பியத் தேவாலயங்களின் பழஞ் சாளரங்கள் கீழ்ப்புறம் தடித்திருப்பது அதனாலென்றும் ஒரு கூற்று வகுப்பறைகளிற்கூட வழங்குகின்றது. அது தவறு. அக்காலத்துக் கண்ணாடித் தகடுகள் செய்யும்போதே ஒரே தடிப்பாக அமைந்ததில்லை. அறை வெப்பநிலையிற் கண்ணாடி கண்ணுக்குத் தெரியுமாறு ஒழுகப் பிரபஞ்சத்தின் வயதும் போதாது எனப் பிரேசில் நாட்டு விஞ்ஞானி சனோற்றோ 1998இற் கணித்துக் காட்டினார். அமைப்பிற் சுற்றத்தார் என்பதால் நடத்தையிலும் ஒத்திருத்தல் வேண்டுமென்பதில்லை.

கிருஷ்ணனிடம் மீள்வோம் எனின், அவர் வாழ்வில் அத்துணைப் பேசப்படாத ஒரு பணி உண்டு. டாக்காவிலும் மீண்டுங் கல்கத்தாவிலும் பணியாற்றிய பின் 1942இல் அலகாபாத்துப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியரான அவர், பாட்டியா என்னும் இளைஞருடன் 1945இல் திரவ உலோகங்களின் மின்றடையை ஆராய்ந்தார். சோடியம் உருகும்போது அதன் மின்றடை திடீரென மிகுகின்றது. ஏன்? உலோகத்தில் மின்னைக் கொண்டுசெல்லும் இலத்திரன்கள் அலையியல்பு உடையன. அவற்றின் அலைநீளம் அணுக்களின் இடைத்தூரத்தோடு ஒப்பிடத்தக்கது. எனவே திரவ உலோகத்தில் இலத்திரன் சிதறுதலும் எக்ஸ் கதிர் சிதறுதலும் ஒரே அமைப்பின் இரு தோற்றங்களே. எக்ஸ் கதிராற் பெற்ற சிதறல் வளையியை எடுத்து, அதிலிருந்தே மின்றடையைக் கணித்துவிடலாம் என அவர்கள் காட்டினர். நெருக்குதற்கு அரிய திரவத்திற் சிறுகோணச் சிதறல் குன்றியிருத்தல், உருகிய உலோகமும் மின்னை நன்கு கடத்துவதற்கு ஒரு காரணம் என்பதும் இதனால் விளங்கிற்று. இராமநாதன் விட்ட இடத்திலிருந்து கிருஷ்ணன் எடுத்துச் சென்ற நூல் இது.

பதினாறு ஆண்டுகளின் பின், 1961இல் இங்கிலாந்தில் சைமன் இக்கொள்கையைப் புதிய முறையில் விரித்தெழுதினார். திரவ உலோகக் கொள்கை இன்று அவர் பெயராலேயே வழங்குகின்றது. கிருஷ்ணனும் பாட்டியாவும் முன்னரே இவ்வழியிற் சென்றனர் என்பதைத் துறை வல்லுநர் அறிவர், மாணவர் பெரும்பாலும் அறியார். அதே 1961ஆம் ஆண்டு யூன் மாதத்திற் கிருஷ்ணன் காலமானார். தமிழ் நூல்களிற் பெரும் புலமை வாய்ந்தவரும், விஞ்ஞானத்தைத் தமிழில் எழுதவியலும் என எழுதிக் காட்டியவரும் அவர். பாட்டியா கனடா சென்று, 1970இல் தோண்டன் என்பாருடன் இரு தனிமங்கள் கலந்த திரவங்களுக்கான அமைப்புக் காரணிகளை வகுத்தார். அணுத்தொகையின் ஏற்றத்தாழ்வையும் கலவை விகிதத்தின் ஏற்றத்தாழ்வையும் பிரித்துக் காட்டும் அக்காரணிகள் அவ்விருவர் பெயராலேயே உலகமெங்கும் கண்ணாடி ஆராய்வோராற் பயன்படுத்தப்படுகின்றன. அலகாபாத்தில் ஆசிரியர் பெயர் பெறாத இடத்தில் மாணவர் பெயர் நிலைபெற்றது ஒருவகை நீதியாகலாம்.

திரவத்தை உருவமைத்துக் காட்டும் முயற்சிகளுள் இலண்டனிற் பேணலின் முயற்சி சுவையானது. தோடம்பழங்களைக் கடைக்காரர் அடுக்குவதுபோல் ஒழுங்காக அடுக்கினாற் கோளங்கள் வெளியில் நூற்றுக்கு 74 பங்கை நிரப்பும். பையிற் கொட்டிக் குலுக்கினால் 64 பங்கே நிரம்பும். திரவம் பின்னதையே ஒக்கும் என்பது 1959ஆம் ஆண்டினையொட்டி அவர் எழுப்பிய கொள்கை. பந்துகளையுங் கம்பிகளையும் இணைத்து அவர் மாதிரி ஒன்று கட்டினார். ஒழுங்கு தம்மையறியாமற் புகுந்துவிடக் கூடாதெனக் கருதி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எவரேனும் குறுக்கிடும் தம் அலுவலறையையே அதற்குரிய இடமாகத் தெரிந்தார். 1964இல் ஐதராபாத்திற் பிறந்த அனீசூர் இரகுமான், அமெரிக்காவின் ஆகோன் ஆய்வுகூடத்தில் 864 ஆகன் அணுக்களின் ஓட்டத்தைக் கணினியிற் பின்தொடர்ந்து, எக்ஸ் கதிர் அளவைகளோடு ஒத்த முடிபைப் பெற்றார். எக்ஸ் கதிரோடு நியூத்திரனும் பின்னர்த் துணையாயிற்று. உறொம்பேயில் 1985இல் இயங்கத் தொடங்கிய துருவ அணுவுலையிற் திரவங்களையும் கண்ணாடிகளையும் ஆராய்தற்கெனவே ஒரு கருவி அமைக்கப்பட்டது. 2021இற் கலிபோணியாவில், இலத்திரன் நுணுக்குக்காட்டியால் உலோகக் கண்ணாடித் துகளொன்றின் 18,000க்கு மேற்பட்ட அணுக்களின் இடங்கள் தனித்தனியே குறிக்கப்பட்டன.

எனினும் பங்களூரில் நிகழ்ந்த ஒன்று இன்னும் விடையின்றியே உள்ளது. இராமன் 1933இல் அந்நகரின் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்குச் சென்றபின் அவரிடம் பயின்றவர்களுள் ஆர். எஸ். கிருஷ்ணன் ஒருவர், மேற்கூறிய கிருஷ்ணனோடு இவரை மயங்கலாகாது. 1936இல் ஒளியியற் கண்ணாடிகளின் ஒளிச்சிதறலை ஆராய்ந்து, ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க மூலக்கூற்றுத் திரள்கள் அவற்றில் உண்டென இவர் முடிபு கட்டினார். வாரனின் தீர்ப்போடு அது எளிதிற் பொருந்துவதன்று. பல ஒட்சைட்டுகள் கலந்த சில கண்ணாடிகள் உள்ளுக்குள் இருவகைக் கண்ணாடியாகப் பிரிந்து நிற்பது பின்னர் உறுதியானதால், முழுவதும் ஒதுக்கத்தக்கதும் அன்று. 1953இல் உருக்கிய குவாட்சின் இராமன் நிறமாலையை அவர் பதிவு செய்தார். பளிங்குக் குவாட்சு கூரிய கோடுகளைத் தரும் இடங்களிற் கண்ணாடி அகன்ற பட்டைகளைத் தந்தது, அது எதிர்பார்த்ததே. குறைந்த அதிர்வெண் பகுதியிலோ பளிங்கில் அறவே காணாத ஓர் அகன்ற பட்டை தோன்றிற்று. சிலிக்காவில் மட்டுமன்றிப் பிற கண்ணாடிகளிலும் அது பின்னர்க் காணப்பட்டு, போசனின் பெயரால் போசன் முகடு என வழங்கப்படலாயிற்று. அது எதனால் எழுகின்றது என்பதைப் பற்றிய கட்டுரைகள் எழுபது ஆண்டுகளுக்குப் பின்னரும் ஒன்றையொன்று மறுத்தவண்ணம் வெளிவருகின்றன.